இரண்டு ஆற்றுக்கு நடுவே குடித்தனம்: ஸ்ரீரங்கம் தீவில் இருக்க, சாப்பிட, சுற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்ரீரங்கத்துக்குக் குடிவருகிறீர்கள் என்றால் பால் காய்ச்சுவதற்கு முன்பே ஒரு கொசுவலை வாங்கிவிடுங்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் வாய்க்கால், வாழைத்தோட்டம், தென்னந்தோப்பு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஈரம். சாயங்காலம் ஐந்தரைக்கு ஜன்னலைச் சாத்தாதவர்கள் ராத்திரி முழுக்கக் கைதட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. அங்கிருந்து கிழக்கே கல்லணை வரை இரண்டு ஆற்றுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் திட்டுதான் இந்தத் தீவு. மேலூர், ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், திருவளர்சோலை, உத்தமர்சீலி எல்லாம் அதன்மேல் வரிசையாக இருக்கின்றன. ஆனால் இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் யாரும் தீவு என்று சொல்வதில்லை. பாலம் தாண்டிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போவதை “டவுனுக்குப் போய்ட்டு வரேன்” என்பார்கள், அவ்வளவுதான். பாலத்தை மூடும்போதுதான் தீவில் இருக்கிறோம் என்று உறைக்கும். 2022 கடைசியில் காவிரிப் பாலத்தைப் பராமரிப்புக்காகச் சில மாதம் மூடினார்கள். பத்து நிமிஷத்தில் போகிற மார்க்கெட்டுக்கு பைபாஸ் பாலத்தைச் சுற்றிப் போய் வந்ததில் எங்கள் தெருவே தீவு தீவு என்று புலம்பியது.

நான் இங்கே வந்து பதினோரு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் தெரியாமல் இடறிய இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

1. எந்தப் பக்கம் வீடு பார்ப்பது

ரங்கநாதர் கோயிலுக்கு ஏழு சுற்று. உள் சுற்றுகள் கோயில். வெளிச் சுற்றுகளில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளைஞ்சான் என்று பெயர்கள். கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என்று ஒவ்வொன்றிலும் நாலு தெரு உண்டு. ஆட்டோக்காரரிடம் வெறுமனே “சித்திரை வீதி” என்று சொன்னால் அவர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார். திசையையும் சேர்த்துச் சொல்லப் பழகுங்கள்.

உத்திர, சித்திரை வீதிகளில் திண்ணை, ரேழி, முற்றம், கொல்லையில் கிணறு உள்ள பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன. வாசலோடு சுவாமி புறப்பாடு வரும். அது ஒரு பாக்கியம்தான், ஆனால் கார் வைத்திருப்பவர்களுக்கு அதே பாக்கியம் தலைவலியும்கூட. மேலூர் ரோடு, மூலத்தோப்பு பக்கம் அபார்ட்மெண்டுகள் அதிகம். காற்றும் கொஞ்சம் அதிகம். திருவானைக்காவல் பக்கம் வாடகைக்குப் பார்ப்பது இன்னொரு வழி. பஸ் வசதி நன்றாக இருக்கும், அசைவ ஓட்டலும் பக்கத்தில் கிடைக்கும். கோயில் வீதிகளுக்குள் அதை எதிர்பார்க்காதீர்கள்.

வாங்கும் எண்ணம் இருந்தால், கோயிலைச் சுற்றியுள்ள மனைகளில் அடிமனை, அதாவது வீடு நிற்கும் நிலம், யாருடையது என்ற விவகாரம் வெகு காலமாக ஓடுகிறது. பத்திரத்தை உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கொள்ளிடக் கரையை ஒட்டித் தரைத்தள வீடு மலிவாகக் கிடைத்தால், அந்தத் தெருவில் வயதானவர் ஒருவரைப் பிடித்து, “இங்க எதுவரைக்கும் தண்ணி ஏறியிருக்கு?” என்று கேளுங்கள். சுவரில் கையை வைத்தே காட்டுவார்.

2. இரண்டு ஆற்றின் குணம் தெரிந்துகொள்ளுங்கள்

காவிரி பாசன ஆறு. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ல் தண்ணீர் திறந்து ஜனவரி 28-ல் அடைப்பார்கள். திறந்த தண்ணீர் காய்ந்த மணலைக் குடித்துக்கொண்டே வந்து நம்மைத் தொட இரண்டு மூன்று நாள் ஆகும். பிப்ரவரி முதல் மே வரை அம்மா மண்டபத்துப் படித்துறையில் நின்றால் மணல்வெளிதான் தெரியும். ஓரத்தில் எங்கேயாவது முழங்காலளவு ஓடும்.

கொள்ளிடம் அப்படியில்லை. அது வெள்ளத்துக்கான வடிகால். காவிரி தாங்காத மிச்சத்தை முக்கொம்பில் அதற்குள் தள்ளுவார்கள். வருஷத்தில் பாதி நாள் பரந்த மணலாகக் கிடக்கும். வந்தால் கடல்போல வரும். கோயில்காரர்கள் அதை வடதிருக்காவேரி என்பார்கள். மரியாதையான பெயர்தான், ஆனால் அதன் கோபம் பெரிது. 2018 ஆகஸ்டில் 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதியை இழுத்துக்கொண்டு போனது. அதே மாதம் 22-ஆம் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடத்தின் 9 மதகுகள் உடைந்து போயின. 2024-ல் இன்னும் வேடிக்கை. ஜூலை கடைசி வரை மேட்டூர் திறக்கவில்லை, ஆடிப்பெருக்குக்குத் தண்ணீர் வருமா என்று எல்லோரும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். 28-ஆம் தேதி திறந்தார்கள். அடுத்த சில நாளிலேயே கொள்ளிடத்தில் வந்த வெள்ளத்தில் உயரழுத்த மின்கோபுரம் சாய்ந்து விழுந்தது.

இதனால் தெரிந்துகொள்ள வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஜூன் முதல் டிசம்பர் வரை தினமும் காலையில் பேப்பரில் மேட்டூர் அணை நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள். நீர்மட்டம் 120 அடியைத் தொட்டுவிட்டது, வருகிற தண்ணீரை அப்படியே திறக்கிறார்கள் என்று போட்டிருந்தால், ஆற்றங்கரைப் பிக்னிக்கை இரண்டு வாரம் தள்ளிப்போடலாம். இங்கே மழையே இருக்காது, வெயில் சுட்டெரிக்கும். ஆனாலும் ஆறு நிறைந்து ஓடும். கர்நாடகத்தில் பெய்த மழை நமக்குப் படித்துறையில் தெரியும்.

குளிப்பது பற்றி: அம்மா மண்டபம் போன்ற படித்துறைகளில், கம்பி கட்டிய இடத்துக்குள், படியில் நின்று முழுகுங்கள். தண்ணீர் குறைவாக இருக்கிறதே என்று நடு ஆற்றுக்கு நடந்து போகாதீர்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே தெரியாது. முழங்கால் தண்ணீர் அடுத்த அடியில் ஆளை விழுங்கும். வருஷா வருஷம் வெளியூர்ப் பிள்ளைகள் போவது இப்படித்தான்.

3. வீட்டுக்குள்: தண்ணீர், பால், காய்

இதில் சொல்ல அதிகமில்லை. குழாய்த் தண்ணீர் ஆற்றுப் படுகையிலிருந்து வருகிறது, ருசியாக இருக்கும். பருப்பு சீக்கிரம் வேகும், காபி நன்றாக இறங்கும். வெளியூரிலிருந்து வந்த என் தங்கை முதல் நாளே, “டிகாக்ஷன் பொடியை மாத்திட்டியா?” என்றாள். பொடி அதேதான்.

அரிசிக்குக் கொள்ளிடம் தாண்டி மண்ணச்சநல்லூர். அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். மூட்டையாக எடுப்பவர்கள் அங்கேயே போய் எடுத்து வருவார்கள். பழைய பொன்னி என்று கேட்டு வாங்குங்கள், புது அரிசி குழைந்துவிடும். பூவுக்குச் சாத்தார வீதி. மாம்பழப் பருவத்தில் காவிரிப் பாலத்தின் வடமுனையில் மாம்பழச் சாலை. ஆற்று மீன் வேண்டுமானால் விடுமுறை நாளில் முக்கொம்புப் பக்கம்; கெண்டை, கெளுத்தி, ஜிலேபி கிடைக்கும். விரால் உயிரோடு இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

4. வாழையோடு பழகுவது

தீவில் சமைப்பது என்றால் முக்கால்வாசி வாழைதான். பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, ஏலரிசி, பச்சநாடன் என்று பழம். மொந்தன் காய் பஜ்ஜிக்கும் பொரியலுக்கும். தண்டு, பூ, இலை. நார்கூடப் பூக்கட்டப் போய்விடும். மத்திய அரசின் வாழை ஆராய்ச்சி மையம் திருச்சியில் இருப்பது சும்மா இல்லை. கோடைக் காற்றோ ஆடிக் காற்றோ ஒரு ராத்திரி பலமாக அடித்தால், மறுநாள் தள்ளுவண்டியில் முற்றாத காய் குவிந்து கிடக்கும். வாங்குகிறவர்களுக்கு மலிவு, தோட்டக்காரருக்கு வருஷத்து உழைப்பு போச்சு. அன்றைக்குப் பேரம் பேசாதீர்கள்.

தண்டு நறுக்கத் தெரியாமல் நான் முதல் மாதம் பட்ட பாடு தனி. எதிர்வீட்டு மாமிதான் சொல்லிக்கொடுத்தார். மேல் பட்டையை உரித்துக்கொண்டே போங்கள். இனி உரிய வராது என்று ஓர் இடத்தில் நிற்கும், அதுதான் தண்டு. வட்டமாக, சன்னமாக ஒரு சில்லு நறுக்குங்கள். கத்தியிலிருந்து சில்லை இழுக்கும்போது சிலந்தி நூல் மாதிரி நார் தொடர்ந்து வரும். அதை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு அடுத்த சில்லை நறுக்குங்கள். பத்துச் சில்லு ஆவதற்குள் விரலில் பஞ்சு மோதிரம் மாதிரி சேர்ந்திருக்கும். கழற்றிப் போட்டுவிட்டு மறுபடியும் ஆரம்பியுங்கள். நறுக்கியதை நீர்மோரில் போடவில்லை என்றால் ஐந்து நிமிஷத்தில் கறுத்துவிடும். பிறகு சில்லுகளை அடுக்கிப் பொடியாக அரிந்து, பாசிப்பருப்பை மலர வேகவைத்துச் சேர்த்து, தேங்காய் தூவி இறக்குங்கள். மஞ்சள்பொடியை இதில் போட்டால் மாமிக்குக் கோபம் வரும். நான் போடுவதில்லை.

வாழைப்பூவில் ஒவ்வொரு பூவிலிருந்தும் கள்ளன் எடுக்க வேண்டும். உள்ளே விறைப்பாக ஒரு நரம்பும், அடியில் கண்ணாடி மாதிரி ஒரு சின்னத் தோலும் இருக்கும், இரண்டுமே வேகாது. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு டிவி முன்னால் உட்காருங்கள். இது தனியாகச் செய்கிற வேலையே இல்லை.

5. ஆடிப் பதினெட்டு

ஆகஸ்ட் 2 அல்லது 3-ஆம் தேதி வரும். அன்றைக்கு அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமிருக்காது. விடிகாலை ஐந்து மணிக்குள் போய்விடுங்கள். எட்டு மணிக்கு மேல் போனால் ஆற்றைவிட ஜனத்தைத்தான் பார்ப்பீர்கள். காப்பரிசி கையோடு கொண்டுபோக வேண்டும். பச்சரிசியைக் களைந்து அரைமணி ஊறவைத்து வடிகட்டி, பொடித்த வெல்லம், பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய், வறுத்த எள், கொஞ்சம் பொட்டுக்கடலை சேர்த்துப் பிசறினால் ஆயிற்று. அடுப்பே வேண்டாம். வெல்லம் இளகி அரிசியில் ஏற ஒரு மணி நேரம் கொடுங்கள்.

கரையில் மணலைப் பிடித்துப் பிள்ளையார் வைத்து, காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு, பூ, பழம் படைத்து, காவிரியில் விடுவார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் தாலி பெருக்கிக் கட்டிக்கொள்வார்கள். உங்களுக்குச் சடங்கு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் நிற்கும் அக்கா ஒருவர் உங்கள் கையிலும் மஞ்சள் கயிறு கட்டிவிடுவார். மத்தியானத்துக்கு எலுமிச்சை, தேங்காய், புளி, தயிர் என்று சித்திரான்னம் கட்டிக்கொண்டு ஏதாவது ஒரு தோப்பு நிழல். வெள்ளம் அதிகமாக இருந்து படித்துறையை மூடிவிட்டால் வீட்டுக் குழாயடியிலேயே படைத்துவிடுவோம். அதுவும் காவிரித் தண்ணீர்தானே.

6. வெளியே சாப்பிடுவது

திருவானைக்காவலில் பார்த்தசாரதி விலாஸ் 1940-களிலிருந்து இருக்கிறது. நெய்த் தோசைக்காகவே பாலம் தாண்டி ஆட்கள் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் போகாதீர்கள். வேலை நாளில் போனால் உட்கார இடம் கிடைக்கும்.

பெரிய கோயிலில் பெருமாளுக்கு மண்பானையில்தான் தளிகை, அதாவது சமையல். பெருமாள்மேல் காதல்கொண்ட சுல்தான் மகள் என்று சொல்லப்படும் துலுக்க நாச்சியாரை முன்னிட்டுக் காலையில் ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்வதும் இங்கே வழக்கம். வெளியூர் நண்பர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், கூட்டிப்போய் சந்நிதியைக் காட்டுங்கள். கொள்ளிடம் தாண்டினால் சமயபுரம். அந்த அம்மனை ரங்கநாதருக்குத் தங்கை என்பார்கள். தைப்பூசத்துக்கு இங்கிருந்து சீர் போகும். மாசிக் கடைசியில் தொடங்கி 28 நாள் அம்மனே பச்சைப்பட்டினி இருப்பாள். அப்போது துள்ளுமாவும் பானகமும் இளநீரும்தான் நைவேத்தியம். அந்த வெயிலுக்கு நமக்கும் அதுவே போதும் என்று தோன்றும்.

7. தேர் நாளில் காரை எங்கே நிறுத்துவது

சித்திரை வீதியில் எங்கேயும் நிறுத்தாதீர்கள். வந்த இரண்டாம் வருஷம் நான் நிறுத்தினேன். சித்திரைத் தேருக்கு முதல்நாள் ராத்திரியே சுற்றுக் கிராமங்களிலிருந்து ஜனம் வந்து தெருவில் படுத்துவிடும், சிலர் மாடு கன்றுகளையும் கோயிலுக்குக் கொடுக்க ஓட்டிவருவார்கள். காலையில் கதவைத் திறந்தால் என் காரைச் சுற்றி ஒரு குடும்பமே புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பானெட்டில் துண்டு காய்ந்தது. பெரியவர் ஒருவர், “வண்டி உங்களுதா தம்பி? தேர் வர்றதுக்குள்ள எடுத்துருங்க,” என்றார். எங்கே எடுப்பது? இருபது பேர் சேர்ந்து பின்பக்கத்தைத் தூக்கிச் சந்துக்குள் திணித்தார்கள். தேர் நிலைக்கு வந்து மத்தியானம் கரண்டு வரும்வரை கார் அங்கேதான் இருந்தது. ஆமாம், தேர் ஓடும்போது மின்கம்பியை அவிழ்ப்பார்கள், கரண்டு இருக்காது. முதல்நாளே மாவு அரைத்து வைத்துவிடுங்கள். தைத் தேர் உத்திர வீதியில் ஓடும், அங்கே குடியிருப்பவர்களுக்கும் இதேதான்.

மார்கழி வைகுண்ட ஏகாதசிக்கு விருந்தாளிகள் போன் செய்வார்கள். பகல்பத்து, ராப்பத்து என்று மூன்று வாரம் நடக்கும் திருவிழா அது. பரமபத வாசல் திறக்கும் அந்த ஒரு நாளைத் தவிர்த்து ராப்பத்தில் வாசல் திறக்கும் வேறொரு நாள் வரச் சொல்லுங்கள். அதே வாசல் வழியாகவே போகலாம், கூட்டம் குறைவு. ரயிலில் வருகிறவர்களுக்கு மலிவான ஒரு யோசனை: மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஸ்ரீரங்கத்திலேயே நிற்கும், திருச்சி ஜங்ஷன் போய்த் திரும்ப வேண்டாம். பஸ் என்றால் ஒன்றாம் நம்பர்.

8. சுற்றக் கிளம்புவது

கையில் ஒரு மணி நேரம் இருந்தால், அம்மா மண்டபத்திலிருந்து நடக்க ஆரம்பியுங்கள். 236 அடி ராஜகோபுரத்துக்குள் நுழைந்து (பல நூறு வருஷம் மொட்டையாக நின்றதை 1987-ல்தான் கட்டி முடித்தார்கள்), வீதிகள் வழியாக வடக்கே வெளியேறி, தசாவதார சந்நிதியைத் தாண்டினால் கொள்ளிடம். ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்கு முக்கால் மணி நேர நடை. ஐப்பசியில் விடிகாலை போனால், அம்மா மண்டபத்திலிருந்து தங்கக் குடத்தில் திருமஞ்சனத் தண்ணீர் யானைமேல் போவதைப் பார்க்கலாம். மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடம்.

குழந்தைகளுக்கு மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. மழை விட்டு வெயில் அடிக்கிற காலையில் போங்கள். மூடிய வானத்தில் பூச்சி பறக்காது, பிள்ளைகள் ஊஞ்சலை மட்டும் ஆடிவிட்டு வருவார்கள். இன்னும் மேற்கே முக்கொம்பு. ஆர்தர் காட்டன் 1830-களில் கட்டிய மேலணை அங்கே. மதகு திறந்திருக்கும்போது சத்தத்தைக் கேட்பதற்காகவே போகலாம்.

எனக்குப் பிடித்தது கிழக்குப் பக்கம்தான். திருவானைக்காவலில் ஜம்புகேஸ்வரரை மத்தியான உச்சிக்காலத்தில் பாருங்கள். அர்ச்சகர் புடவை கட்டி, அம்பாளாக வந்து பூஜை செய்வார். வெயில் தாழ்ந்ததும் வண்டியை எடுத்தால், திருவளர்சோலை, பனையபுரம், உத்தமர்சீலி என்று இரண்டு பக்கமும் வாழைக்குள்ளேயே ரோடு போகும். ஈர மண்ணும் வாழைப்பாலும் கலந்த ஒரு வாசனை கல்லணை வரை விடாது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிவதை நடந்தே பார்க்கலாம். கரிகாலன் போட்ட கல் அடியில் இருக்கிறது. மேலே பார்ப்பது பிற்காலத்து மதகுகள். நேரமிருந்தால் திருக்காட்டுப்பள்ளி ரோட்டில் கோவிலடி வரை போய்விடுங்கள். அப்பக்குடத்தான் சந்நிதியில் ராத்திரி அப்பம் அமுது செய்வார்கள். திருவையாறு வரை போகிறவர்கள் அசோகா அல்வாவைக் கட்டிக்கொண்டு வரட்டும். வரும் வழியிலேயே பொட்டலம் பிரிந்துவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. உத்தமர்சீலியில் ஒரு தரைப்பாலம் இருக்கிறது. காவிரியில் வெள்ளம் அதிகமானால் அதன்மேல் ஏறித் தண்ணீர் கொள்ளிடத்துக்கு ஓடும், ரோட்டை அடைத்துவிடுவார்கள். ஆடி, ஆவணியில் கிளம்பினால் திருவளர்சோலை டீக்கடையில் நிறுத்தி, “அண்ணே, தரைப்பாலத்துல தண்ணி போவுதா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். போகிறது என்றால் கணுக்கால் அளவுதான் என்று யார் சொன்னாலும் இறங்காதீர்கள், டீயைக் குடித்துவிட்டு வண்டியைத் திருப்புங்கள். திருவானைக்காவல் வந்து சேரும்போது தோசைக் கல் சூடாகத்தான் இருக்கும்.